மரியாதைக்கு இறுக்கிய நட்டு

எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவரை மதிக்கிறோம் என்று காட்டச் சில வழிகள் உண்டு. போதும் என்று கை மறித்த பிறகும் இலையில் ஒரு கரண்டி சோறு வைப்பார்கள். கேட்காமலே டீயில் சர்க்கரையைக் கூட்டிப் போடுவார்கள். நாமக்கல் டயர் கடைகளில் சக்கரத்து நட்டை மேற்கொண்டு இரண்டு அடி அடித்து இறுக்குவார்கள். முதல் இரண்டையும் நான் எப்படியோ சமாளித்துவிட்டேன். இந்த மூன்றாவது மரியாதைதான் என் இரத்த அழுத்தத்தை ஏற்றியது.

என் கணவர் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர். இப்போது பட்டறையை அவருடைய தம்பி பார்த்துக்கொள்கிறார். இவருக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். நாமக்கல்லில் எங்களுக்கு ஒத்துவரும் நேரத்தில் இடம் அமையவில்லை. சேலத்தைத் தாண்டி, ஏற்காடு மலைப்பாதை தொடங்கும் அடிவாரத்தில், கொண்டப்பநாயக்கன்பட்டிப் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனையில் காலை வேளைக்கு ஒரு மெஷின் கிடைத்தது. நான் காரை ஓட்டுவேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் கியர் போடும் அழகைக் குறை சொல்வார். நான் ஒரு விடுதிப் பள்ளியில் மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் சொல்லிக்கொடுப்பவள். அந்த மூன்று நாளும் எனக்கு மதியத்துக்கு மேல்தான் வகுப்பு. அந்தச் சலுகையைப் பள்ளி நிர்வாகம் என்னை மறக்கவிடுவதே இல்லை.

அன்றைக்கு ஆண்டகளூர் கேட்டைத் தாண்டியதும் பின் சக்கரம் பஞ்சர் ஆனது. எனக்குச் சக்கரம் மாற்றத் தெரியும். கார் வாங்கிய புதிதிலேயே யார் தயவும் வேண்டாம் என்று கற்றுக்கொண்டேன். ஜாக்கியை எடுத்து வைத்தேன், ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு வந்தேன், வண்டியோடு கொடுத்த ஸ்பேனரை நட்டில் மாட்டினேன். அழுத்தினேன். அசையவில்லை. ஏறி நின்றேன். நான் ஒன்றும் ஒல்லியான ஆள் இல்லை. ஸ்பேனர் லேசாக வளைந்தது. நட்டு அப்படியே இருந்தது.

கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "இப்படிக் குடு அம்மிணி. ஒரு மிதி மிதிச்சா வந்துரும்."

"மாமா, நீங்க எறங்குனீங்கன்னா நான் இந்த ரோட்டுலயே உக்காந்துக்குவேன்."

அவருடைய இடது முன்கையில் இரத்தக் குழாய்கள் இரண்டை அறுவை செய்து ஒன்றாக இணைத்திருக்கிறார்கள். டயாலிசிஸ் ஊசி போவது அந்த வழியாகத்தான். அந்தக் கையில் பை தூக்கக் கூடாது, வாட்ச் கட்டக் கூடாது, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கக்கூடக் கூடாது. அது அடைத்துக்கொண்டால் கழுத்தில் குழாய் போட வேண்டும், அப்புறம் வேறு இடம் தேடி மறுபடி அறுவை செய்ய வேண்டும். அந்த ஒரு சாண் இடம் ஒழுங்காக இருப்பதால்தான் அவர் இருக்கிறார். அந்தக் கையை வைத்துக்கொண்டு நட்டு கழற்ற வருகிறார்.

கடைசியில் ஒரு லாரி டிரைவர் இரக்கப்பட்டு நிறுத்தினார். தன் வண்டியிலிருந்து ஆள் உயர பைப்பு ஒன்றை எடுத்துவந்து ஸ்பேனரில் செருகி, அதன் நுனியில் தொங்கினார். நட்டு கிறீச்சென்று கத்திக்கொண்டு விட்டுக்கொடுத்தது. "ஆருங்க இத இறுக்குனது?" என்று கேட்டார். "ட்ரெய்லர் வண்டின்னு நெனச்சுட்டானாட்ட இருக்குதுங்க."

மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதி வேளை போய்விட்டது. எங்களுக்கு அடுத்து அந்த மெஷினுக்கு வருகிற பெரியவர் ஏற்கெனவே வந்து நாற்காலியில் காத்திருந்தார். அவருக்கும் உயிர்தான். அவரை நான் என்ன சொல்ல முடியும். என் கணவருக்குக் கிடைத்த நேரம் பாதிதான். உடம்பில் தங்கிவிட்ட தண்ணீர் அன்று மாலையே வேலையைக் காட்டியது. மூச்சு வாங்கியது. படுக்க முடியாமல் சுவரில் தலையணையை வைத்துச் சாய்ந்துகொண்டே இருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நட்டை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நோயின் மேல்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை. நோய்க்குக் காரணம் தெரியாது. நட்டை இறுக்கியது யார் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் பள்ளிக்குப் போகும் முன் நேராக டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் பட்டறைக் காலத்திலிருந்து என் கணவருக்குப் பழக்கமானவர். இவரை அண்ணன் என்றுதான் சொல்வார்.

"ஏனுங்க, எங்க கார் சக்கரத்த இறுக்குனது ஆருங்க?"

"நாந்தானுங்க டீச்சர். பசங்க கையில உடுலீங்களே. அண்ணன் வண்டியாச்சுங்களே. காத்துக் கன்னுல போட்டுட்டு, பைப்பு மாட்டி நானே ரெண்டு அடி சேத்துப் போட்டனுங்க." சொல்லும்போதே அவர் முகத்தில் ஒரு பெருமை.

"கழட்ட முடியலைங்க. ரோட்டுல நின்னோம். அவருக்கு மெஷின்ல பாதி நேரம் போயிருச்சு. நேத்து ராத்திரி பூரா மூச்சு வாங்குச்சு."

அவர் முகம் வாடிவிட்டது. உண்மையாகவே வாடியது, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அவர் சொன்னது இதுதான்: "ஒரு போன் போட்டிருக்கலாமல்லங்க டீச்சர். எங்கிருந்தாலும் நான் வந்து கழட்டி உட்டிருப்பனே."

இந்தப் பதிலுக்கு என்ன செய்வது. வண்டிக்குள்ளிருந்து கார்க் கம்பெனி கொடுத்த கையேட்டை எடுத்து வந்து விரித்துக் காட்டினேன். நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அதில் நம்பர் போட்டே எழுதியிருக்கிறது. அதற்கு மேல் இறுக்கினால் போல்ட்டின் மரை இழுபட்டுப் பலவீனமாகும், ஒருநாள் முறியும் என்று வகுப்பில் சொல்வதைப் போல நிதானமாகச் சொன்னேன். என் நிதானம் எனக்கே அதிசயமாக இருந்தது.

"அதெல்லாம் கம்பெனிக்காரன் சும்மா போடறதுங்க. லூசா உட்டுட்டு நாளைக்குச் சக்கரம் கழண்டு ஓடுச்சுன்னா அண்ணன் மொகத்துல நான் முழிக்க வேண்டாமுங்களா?"

லாரிக்கு ஒரு அளவு, காருக்கு ஒரு அளவு என்பது அவருக்குத் தெரியாததில்லை. ஆனால் அண்ணன் கார் என்றவுடன் அது லாரியாகிவிடுகிறது. அப்புறம் எங்கே அளவு பார்க்கிறார்கள். சக்கரம் நான்கையும் அங்கேயே தளர்த்தச் சொல்லி, என் கையால் நானே இறுக்கினேன். வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த லாரிக்காரர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கடைக்காரர் பக்கத்திலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். நான் எத்தனை பேரோடு சண்டை போட முடியும். எந்த ஊரில் பஞ்சர் ஒட்டினாலும் பெண்பிள்ளை ஓட்டுகிற வண்டி, சீக்காளி போகிற வண்டி என்று யாராவது ஒருவர் அக்கறையாக இரண்டு அடி சேர்த்துப் போடத்தான் போகிறார். எனவே கழற்றுவதற்கு எனக்கு ஒரு கருவி வேண்டும். டயர் கடையில் கம்ப்ரெசர் குழாய் மாட்டி நட்டைச் சுழற்றுவார்களே, அந்த கன் இப்போது பேட்டரியிலும் வருகிறது. வீட்டுக் கார் ஷெட்டில் சார்ஜ் போட்டு, போகும்போது டிக்கியில் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் சொன்னேன். என் கணவர் சிரித்தார். வெகுநாள் கழித்து அவர் சிரித்ததே இதற்குத்தான். "பேட்டரி கன்னா? அது பொம்மை அம்மிணி. கன்னுன்னா ரெண்டு கையிலயும் புடிக்கோணும், ஒடம்பு அதிரோணும். தம்பிகிட்டச் சொன்னா பட்டறையிலருந்து நல்ல பைப்பு ஒண்ணு குடுத்துடுவான். காசு எதுக்குக் கரியாக்கற?"

"பைப்பு நுனியில ஆருங்க தொங்கறது? நீங்களா?"

அதுதான் அவருக்கு வலிக்கும் இடம் என்று தெரிந்தே சொன்னேன். கோபத்தில் இருக்கிறவளுக்கு வேறு இடம் தேட நேரமில்லை.

அதற்கப்புறம் போனில் வீடியோ பார்க்கத் தொடங்கினேன். பார்த்ததில் கோபம் இன்னும் ஏறியது. ஒவ்வொருவரும் ஒரு கன்னைக் கையில் பிடித்துக்கொண்டு இதுதான் உலகத்திலேயே சிறந்தது என்கிறார்கள். அடுத்த வீடியோவில் அதே ஆள் வேறொன்றைப் பிடித்துக்கொண்டு அதையே சொல்கிறார். திருப்பு விசை என்று பிள்ளைகளுக்கு நான் வருடா வருடம் நடத்துகிறேன். விசையை நெம்புகோலின் நீளத்தால் பெருக்கு, அலகு நியூட்டன் மீட்டர், அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தப் பெட்டிகளின் மேல் போட்டிருக்கும் நம்பர்களை ஒரு பிள்ளை விடைத்தாளில் எழுதினால் சுழியம் போட்டு, அப்பா அம்மாவைக் கூட்டி வா என்பேன். கழற்றும்போது உள்ள பலம் வேறு, இறுக்கும்போது உள்ள பலம் வேறு. இரண்டில் எது என்று சொல்லாமலே மொட்டையாகப் பெரிய நம்பரைப் போட்டுவிடுகிறார்கள்.

அவர் மெஷினில் படுத்திருக்கும் நேரத்தில் எனக்குக் கைவேலை கிடையாது. அப்படி ஒருநாள் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய், இரும்புச் சாமான் விற்கும் கடை ஒன்றில் ஏறினேன்.

"வாங்க மேடம். சார் வரலீங்களா?"

"சார் வரலை. வாங்கப் போறது நான்தான்."

கடைக்காரர் உள்ளேயிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்துவந்தார். "இது கைக்கு அடக்கமா இருக்கும் மேடம். லேடீஸ்கூட ஈசியாப் பிடிக்கலாம்."

அது மரத்தில் திருகாணி போடுவது. நான் கேட்டது சக்கரம் கழற்றுவது என்றேன். முனையை மாற்றிக்கொண்டால் இரண்டும் ஒன்றுதான் என்றார். நான் பெட்டியைத் திருப்பி அவர் பக்கமே தள்ளினேன். அவர் அதைவிடப் பெரிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அதன் மேல் நூற்று இருபத்தெட்டு என்று போட்டு, பின்னால் வோல்ட் மாதிரித் தோன்றும்படி ஏதோ இரண்டு எழுத்து. விலை மலிவு. பேட்டரியைக் கழற்றி அடிப்பக்கம் பொடி எழுத்தைப் படித்தேன். இருபத்தொரு வோல்ட் என்று இருந்தது.

"அது சார்ஜர் நம்பர் மேடம்."

"இதுக்குள்ள இருக்கற ஒரு செல்லு நெறைய சார்ஜ் ஏறினாலும் நாலு வோல்ட் சொச்சந்தாங்க வரும். நூத்தி இருபத்தெட்டு வேணும்னா முப்பது செல்லுக்கு மேல வரிசையா வெக்கணும். இந்த டப்பாவுக்குள்ள முப்பது செல்லு எங்கங்க இருக்குது?"

அவர் எனக்கு ஒரு டீ சொன்னார். அதிலும் சர்க்கரை கூடத்தான்.

மூன்றாவதாக வந்தது கொஞ்சம் பெயர் உள்ள கம்பெனி. விலையைக் கேட்டதும் பரவாயில்லையே என்றிருந்தது. எனக்கு எதுவும் பரவாயில்லை என்று தோன்றினால் உடனே சந்தேகம் வந்துவிடும். பெட்டியைத் திறக்கச் சொன்னேன். உள்ளே கன் மட்டும் இருந்தது. பேட்டரி தனி, சார்ஜர் தனி, இரண்டுக்கும் சேர்த்தால் கன்னை விட விலை அதிகம். பெட்டியில் அது ஒரு ஓரத்தில் எழுதியும் இருந்தது, கண்ணாடி போட்டால் தெரிகிற அளவில். மோட்டார் இல்லாத மோட்டார் சைக்கிளை இவர்கள் இன்னும் விற்கத் தொடங்கவில்லை என்பதுதான் ஆறுதல்.

"ஓட்டிக் காட்டுங்க" என்றேன்.

கடை மேசையில் ஒரு வைஸ் இருந்தது. அதில் ஒரு பெரிய போல்ட்டைக் கவ்வவைத்து, நட்டைக் கையால் திருகிவிட்டு, பேட்டரியோடு இருந்த நூற்று இருபத்தெட்டை எடுத்து வைத்தார். டர்ரென்று நட்டு பறந்தது. "பாத்தீங்களா மேடம்" என்றார். கையால் திருகிய நட்டைக் கையாலேயே கழற்றலாம். அதற்கு எதற்கு ஆறாயிரம், ஏழாயிரம். நான் அவரிடமிருந்து ஸ்பேனரை வாங்கி, நட்டை மாட்டி, என் எடை முழுவதையும் அதன் மேல் போட்டு இறுக்கினேன். மேசை முனகியது. கடையில் நின்றிருந்த இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள்.

"இப்பக் கழட்டுங்க."

நூற்று இருபத்தெட்டு தடதடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. நட்டு நகரவில்லை. கைக்கு அடக்கமானதை நான் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அப்புறம்தான் அவர் மேல் தட்டிலிருந்து தூசி தட்டி ஒன்றை எடுத்தார். பெட்டியில் கழற்றுவதற்கு ஒரு நம்பர், இறுக்குவதற்கு ஒரு நம்பர் என்று தனித்தனியாகப் போட்டிருந்தது. இரண்டும் அடக்கமான நம்பர்கள். அரை இஞ்ச் முனை, ஒரே கையில் தூக்க முடிகிற எடை, பேட்டரியும் சார்ஜரும் பெட்டிக்குள்ளேயே, பழுது பார்க்கச் சேலத்திலேயே ஆள். அது சில நொடி அடித்தது, நட்டு சுழன்று வந்தது. இதை முதலிலேயே ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். "யாரும் கேக்கறதில்லீங்க மேடம். எல்லாரும் பெரிய நம்பரத்தான் கேக்கறாங்க" என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம்.

பளபளவென்று மின்னும் சாக்கெட்டைச் சேர்த்துக் கொடுக்கப் பார்த்தார். கன்னின் அடிக்கு அது வெடித்துவிடும், கறுப்பாக, கனமாக வருவது வேண்டும் என்று சொல்லி அதையும் வாங்கிக்கொண்டேன்.

வீட்டு ஷெட்டில் வைத்து ஓட்டிப் பார்த்தேன். நான் என் கையால் இறுக்கிய நட்டுகள் என்பதால் ஒவ்வொன்றும் தொட்டவுடன் வந்தன. ஒரு சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டி, மறுபடி கழற்றிப் பழைய சக்கரத்தையே மாட்டினேன். மூச்சு வாங்கவில்லை, இடுப்பு பிடிக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு நாள் கழித்து ஒரு காரியம் என் கைக்குள் அடங்கியதே என்று தனியாக நின்று சிரித்தேன்.

என் கணவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கன்னால் ஓட்டி முடித்து, ஸ்பேனரில் கையால் ஒரு அழுத்து அழுத்தி நான் எழுந்தபோது, "அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதான்."

"பத்தாது சாமி. பைப்பு போட்டு ஒரு மிதி மிதிக்கோணும்."

"அளவு எவ்வளவோ அவ்வளவு போட்டாச்சுங்க. இதுக்கு மேல இறுக்குனா இந்தக் கன்னு வாங்குனதே தண்டம். சும்மா உடுங்க."

அவர் விடவில்லை. சாப்பிடும்போது சொன்னார், சேலம் போகும் வழியெல்லாம் சொன்னார், கார் கொஞ்சம் ஆடினால்கூட "நட்டு" என்றார். ரோடு மோசமாக இருந்தாலும் நட்டுதான், காற்று அடித்தாலும் நட்டுதான். நான் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். ஒருநாள் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டார். என் வழிக்கு வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

மறுபடி பஞ்சர் ஆனது மல்லூருக்கு முன்னால். எனக்குப் பதற்றமே இல்லை. டிக்கியைத் திறந்து, கன்னை எடுத்து, கறுப்புச் சாக்கெட்டை மாட்டி, கழற்றும் பக்கம் பட்டனைத் தள்ளி நட்டில் வைத்தேன். தடதடவென்று அடித்தது. காத்திருந்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த நட்டில் வைத்தேன். அதுவும் அப்படியே. பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். பட்டனைச் சரிபார்த்தேன். கை மரத்துப்போகும் வரை அழுத்தினேன். நட்டு ஒரு மயிரிழை நகரவில்லை.

அந்தக் கடைக்காரரை நடு ரோட்டில் நின்று திட்டினேன். பெட்டியில் நம்பர் போட்டவனைத் திட்டினேன். பிள்ளைகள் முன்னால் வாயில் வராத வார்த்தைகள் எல்லாம் வந்தன. கார்க் கதவு திறந்தது. என் கணவர் மெதுவாக இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார்.

"அவனத் திட்டாத அம்மிணி. கன்னு நல்லாத்தான் இருக்குது."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"நேத்து நீ ஸ்கூல் பஸ்சுல போனப்பொறவு நாந்தான் பைப்பு போட்டு ஏறி மிதிச்சேன். நாலு சக்கரத்தையும்."

பைப்பை இவருடைய தம்பி கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அண்ணன் கேட்டு இல்லை என்பாரா. ஒரு மீட்டர் பைப்பு, ஐம்பத்தைந்து கிலோ ஆள். ஐந்நூறு நியூட்டன் மீட்டருக்கு மேல் வருகிறது. அந்த நிலையிலும் என் தலை கணக்குப் போட்டது. என் கன்னின் பலம் அதில் பாதிதான்.

"கைல தொட்டீங்களா?"

"கால்லதான் மிதிச்சேன். கையில தொடவேயில்ல."

அன்று காலை அவர் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை எதற்கு என்று கேட்க எனக்குத் தோன்றாமல் போயிருந்தது. இப்போது இடது கைப் பொத்தானை நானே கழற்றி, துணியை மேலே தள்ளினேன். முன்கையில் ஊசி போடும் இடத்துக்குக் கீழே நீலமாகக் கன்றிப் போயிருந்தது.

"கடைசி நட்டுல பைப்பு நழுவுச்சு" என்றார். "சித்தப் புடிச்சேன்."

நான் அவரை அடித்திருப்பேன். பொய் சொல்லவில்லை. கை ஓங்கவில்லையே தவிர, மனதில் அதுதான் இருந்தது. இந்தக் கையை வைத்து ஒரு தம்ளர் தண்ணீர் தூக்க விட்டிருப்பேனா நான். எத்தனை மாதம் அதைக் கண்ணாடிச் சாமான் மாதிரிப் பார்த்துக்கொண்டேன். கன்னை டிக்கிக்குள் வீசினேன். காரைப் பூட்டினேன். நாமக்கல்லிலிருந்து முட்டை ஏற்றிக்கொண்டு சேலத்துக்குப் போன வேன் ஒன்றைக் கையைக் குறுக்கே நீட்டி நிறுத்தினேன். டிரைவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு எங்களை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டார். பின்னால் முட்டை இருப்பதால் வேகமாகப் போக முடியாது என்று வருத்தத்தோடு சொன்னார். வழி நெடுக ஒவ்வொரு வேகத்தடையிலும் வேன் படுத்து எழுந்தது. என் கணவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். நான் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மருத்துவமனையில் நர்ஸ் அந்தக் கன்றிய இடத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஸ்டெதஸ்கோப்பை முன்கையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரத்தம் ஓடினால் உள்ளே ஒரு இரைச்சல் இருக்கும். அடைத்துவிட்டால் ஒன்றும் கேட்காது. அவர் சற்றுத் தள்ளி வைத்துக் கேட்டார். இன்னும் சற்றுத் தள்ளி வைத்தார்.

"ஓடுதுங்க" என்றார் கடைசியில். "வீங்கியிருக்குது. இன்னைக்கு மேல் பக்கமாப் பாத்துத்தான் ஊசி போடணும். நேரமும் முழுசாக் கெடைக்காதுங்க."

மெஷின் சுற்றத் தொடங்கிய பிறகு நான் கட்டிலோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அதுவரை அடக்கி வைத்திருந்ததைக் கேட்டேன், மெதுவாகத்தான். சுற்றிலும் மற்றவர்கள் படுத்திருந்தார்கள்.

"நான் அவ்வளவு சொல்லியும் எதுக்குங்க இறுக்குனீங்க? எம்மேல நம்பிக்கையில்லையா?"

அவர் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என்னிக்காச்சும் ஒருநா இங்கிருந்து நீ ஒத்தையிலதான் ஊட்டுக்கு ஓட்டிட்டுப் போகோணும். அன்னிக்கு நட்டு லூசாயி வண்டி நடு ரோட்டுல கெடந்துச்சுன்னா, உம்பக்கத்துல ஆரு இருப்பா?"

டயர் கடைக்காரரிடம் பேசியதைப் போல இவரிடம் மரை, அளவு, கையேடு என்று பேச எனக்கு வரவில்லை. கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

"நான் ஒத்தையில திரும்பிப் போற அன்னிக்கு அந்த வண்டி எங்க கெடந்தா எனக்கென்னங்க" என்றேன். "உங்கள இங்க கொண்டாந்து சேக்கற நாள்ல அந்த நட்டு எனக்குக் கழலோணும். எனக்கு வேண்டியது அது ஒண்ணுதான்."

அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார். ஊசி போடாத கையை நீட்டி என் விரல்களைப் பிடித்தார். நான் உடனே பிடி கொடுக்கவில்லை. கோபம் தீர்ந்திருக்கவில்லை. மெஷினில் அவருக்கு இன்னும் எவ்வளவு நேரம் பாக்கி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.